பிரிக்காத ஜாய்ஸ்டிக்

என்னங்க,

நானும் வினோதினியும் ஊரப்பாக்கம் அக்கா வீட்டுக்குப் போகிறோம். வத்தக்குழம்பு வைத்திருக்கிறேன், சுட வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கேமை ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்த கடைக்காரர் சாயங்காலம் வருவார். வாங்கலாமா என்று கேட்டீர்களே. பன்னிரண்டு வருஷமாக ஒன்பது மணிக்கு முன்னால் வீடு திரும்பாதவர், இந்த வாரம் தினமும் ஆறு மணிக்கே வந்தீர்கள். அதற்காகவே வாங்கலாம் என்றிருந்தேன்.

"பாப்பாவுக்காகத்தான்"னு சொன்னீர்கள். வினோதினி தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு எப்பப்பா?" என்று கேட்டுக் கேட்டே தூங்கிப்போனாள்.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பி.கு: அப்பளம் நீல டப்பாவில்.

இன்னொன்று. கடைக்காரர் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள், ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை நம் வீட்டில் யாருமே தொடவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.