மூடி வைத்த சோறு

திருநெல்வேலி
1910, ஆனி 19

என் சுந்தரிக்கு, உன்னை நினைக்காமல் ஒரு வேலையும் ஓடாத நாயகி எழுதுவது.

இங்கே நலம். உன் அம்மை போன பிறகு வீட்டில் நீயும் பெரியம்மையும் மட்டும்தான் என்று கேள்விப்பட்டேன். ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழ முடியவில்லை. கலியாணமாகி வந்த பிள்ளைமார் வீட்டுப் பெண் தாசி வீட்டுப் படி ஏறலாமா என்பார்கள். சின்ன வயதில் தினமும் ஏறினேன். உன் கூடத்துத் தூணோடு ஒட்டி நின்று, நீ ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். அதெல்லாம் கணக்கில் இல்லை.

இன்னும் ஆடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது. மச்சில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன்மேல். சத்தம் கேட்காமலிருக்க ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிறுத்திச் சொல்லித் தந்தாயே, அதுபோல. நேற்று மறந்து ஓங்கி மிதித்துவிட்டேன். கீழேயிருந்து அத்தை, "மச்சுல எலி குதிக்குதே, பூனை எங்கன போச்சு?" என்றாள்.

இவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தாய். புருஷன் பெயரை எழுதுவேனா? கேட்டதற்கே உன்னைக் கிள்ள வேண்டும். நல்லவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்தில் வரமாட்டார்.

அதில் ஒன்று தோன்றியது. நீ ஆடுவாயே ஒரு பதம், அதில் அவன் வராத வரிக்கு நீ வழியைப் பார்ப்பாய். வீட்டில் காத்திருக்கிறவள் வழியைப் பார்ப்பதில்லை, சுந்தரி. சோற்றைத்தான் பார்க்கிறாள். மூடியைத் தூக்கி, புறவிரலால் தொட்டு, ஆறிவிட்டதென்று தெரிந்து, மறுபடி மூடுகிறாள். அவ்வளவுதான். ஆடிப் பார்த்து எழுது. பூக்காரி கோமு பேருக்கே போடு. பூவோடு வந்துவிடும்.

உன்
நாயகி

~

அம்பாசமுத்திரம்
1910, ஆடி 7

ஏட்டி நாயகி,

மச்சு எலிக்கு என் ஆசீர்வாதம்.

ஆடிப் பார்த்தேன். வரவில்லை. பெரியம்மை, "என்னட்டி, உலைமூடியத் தொட்டுச் சுட்டுக்கிட்டவ மாதிரி கைய இழுக்கே?" என்று சிரித்தாள். எனக்குப் பழக்கம் இல்லை. பொட்டுக் கட்டியவள் நான். சுவாமிக்கு மடைப்பள்ளியில் ஆக்குகிறார்கள். ஆறினாலும் அவர் கோபிப்பதில்லை.

விரலில் பருக்கை ஒட்டுமா? ஒட்டினால் அவள் என்ன செய்வாள்? கண் எங்கே இருக்கும்? சீக்கிரம் எழுது. ஆவணியில் உங்கள் ஊர்க் கலியாணம் ஒன்றில் சதிர் இருக்கிறது. அதில் ஆடப் பார்க்கிறேன்.

சுந்தரி

~

திருநெல்வேலி
1910, ஆடி 15

சுந்தரி,

பருக்கை ஒட்டும். வாய்க்குக் கொண்டுபோவாள். பசி. உதட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவாள். அவர் இன்னும் சாப்பிடவில்லையே. முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

கண் மூடியில் இருக்கும்.

நாயகி

~

திருநெல்வேலி
1910, ஆவணி 22

என் கண்ணே சுந்தரி,

நீ ஆடினாய். நான் பார்க்கவில்லை. விலக்காகிக் கொல்லை அறையில் உட்கார்ந்திருந்தேன். இவர் பந்தலில் இருந்தார். வந்து, கதவுக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னார்.

"அந்தத் தாசி சோத்தத் தொட்டா. விரல வாய்க்குக் கொண்டு போயி நிறுத்துனா பாரு, பந்தல்ல மூச்சுச் சத்தமில்ல. எனக்கே கண்ணு கலங்கிட்டு. எங்கன படிச்சாளோ!"

"எங்கனயாவது படிச்சிருப்பா" என்றேன். வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன். ஊரே என் கையைப் பார்த்திருக்கிறது.

விலக்கு முடிந்து, மத்தியானம் அவர் வந்து உட்கார்ந்ததும் வேண்டுமென்றே அவர் முன்னாலேயே செய்தேன். மூடி. விரல். வாய். முந்தானை. ஒன்றையும் விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். "சோறு ஆறிட்டா?" என்றார்.

நாயகி

~

அம்பாசமுத்திரம்
1911, தை 11

ஏட்டி நாயகி,

நாலு மாதமாய் எழுதவில்லை. கோபித்துக்கொள். இதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

ஒருவர் வருகிறார். அந்தக் கலியாணத்தில் என்னைப் பார்த்தாராம். இங்கே கோர்ட்டில் நில வழக்கு என்று ரயிலேறி வருகிறார். அந்த வரியை மட்டும் மறுபடி ஆடச் சொன்னார். ஆடினேன். "ஒரு பொம்பளை இப்படியெல்லாம் காத்துக் கெடப்பாளா?" என்று கேட்டார். குழந்தை மாதிரி.

எங்கள் வீட்டில் கை நனைக்கிறார். பெரியம்மைக்கே ஆச்சரியம். கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாய் அடுக்குகிறார், தேர் இழுக்கப் போகிற மாதிரி. அதைப் பார்க்கவே எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் யார் என்று நாங்கள் கேட்பதில்லை. அது எங்கள் வழக்கம். பெயர் காந்திமதிநாத பிள்ளை.

எனக்கும் இப்போது சோறு வைக்க ஒருவர். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார். மூடி வைக்கவே வேலையில்லை!

நீ சொல்லித் தந்த கைதான் அவரைக் கொண்டுவந்தது. உனக்கு என்ன தரட்டும்?

சுந்தரி

~

திருநெல்வேலி
1911, மாசி 2

சுந்தரிக்கு,

உன் கடிதத்தில் ஒரு பெயர் இருந்தது. நான் ஒருநாளும் எழுதாத பெயர். இப்போதும் எழுதமாட்டேன். நீ எழுதிவிட்டாய்.

அந்தக் கறிவேப்பிலையை ஐந்து வருஷமாய் நான்தான் இலையோடு எடுத்துப் போடுகிறேன்.

உன்மேல் குற்றமில்லை. கேட்பது உங்கள் வழக்கமில்லை, சொல்வது எங்கள் வழக்கமில்லை. நேரத்துக்கு வந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜமுக்காளத்தைக் கீழே இறக்கிவிட்டேன். விருந்தாளிகளுக்கு விரிக்கிறோம். எலி ஒழிந்தது என்கிறாள் அத்தை.

அந்தக் கையை நீயே வைத்துக்கொள். இங்கே அது வெறும் சோறு பார்க்கிற கை.

பிரம்மநாயகி

~

அம்பாசமுத்திரம்
1911, சித்திரை 9

பிரம்மநாயகி அம்மாள் அவர்களுக்கு, சண்முகசுந்தரி எழுதிக்கொண்டது.

ஏட்டி என்று எழுதக் கை வரவில்லை. முன்பு போட்ட கடிதங்களைக் கோமு வாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரும்.

பங்குனியில் அவர் வந்தபோது கதவைத் திறக்கவில்லை. "என்ன குத்தம் கண்டே? சொல்லிட்டாவது சாத்து" என்று வாசலில் நின்று கேட்டார். உள்ளே நின்றேன். சொல்லவில்லை. சொன்னால் உங்கள் மச்சு ஆட்டமும் வெளியே வந்துவிடும். அப்புறம் அவர் வரவில்லை. அங்கே இப்போது நேரத்துக்குச் சாப்பிட வருகிறாரா? எழுதமாட்டீர்கள்.

அந்தக் கை என்னுடையது அல்ல. நேற்று ஜமீன் வீட்டுக் கலியாணத்தில் அந்தப் பதம் கேட்டார்கள். பழையபடி வழியைப் பார்ப்பதென்று முடிவு செய்துதான் எழுந்தேன். அந்த வரி வந்தது. வலது கை தானாக மூடிக்குப் போயிற்று. இடது கையால் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. பாட்டு முடியும்வரை பிடித்தபடியே நின்றேன்.

சபையில் யாரோ 'பேஷ்' என்றார்கள்.

சண்முகசுந்தரி