நீ வட்டமிட்ட கோடுகள்

இன்று காலை ஆட்டம் தொடங்கும் முன் பென்சில் சீவினேன். நீ சீவும்போது எழும் அந்த மரத்தூள் வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. வெளியே தேயிலைச் சரிவு தெரியவில்லை. பனிமூட்டம் ஜன்னல் கம்பி வரை வந்து நின்றது. உன் நாற்காலி இன்னும் டிவிக்கு எதிரில்தான் கிடக்கிறது. யார் வந்தாலும் அதில் உட்கார நான் விடுவதில்லை.

அமெரிக்காவில் அவர்கள் இரவில் ஆடும் பாஸ்கெட்பால் இங்கே மலேசியாவில் நமக்குக் காலையில் வரும். தேயிலை பேக்டரியில் நம் இருவருக்கும் மதிய ஷிப்ட் என்பதால் அது வசதியாகப் போயிற்று. பள்ளிக்கூட அணியில் நெட்டையான நீ கூடைக்கு அடியில் நிற்கும் சென்டர், குட்டையான நான் பந்தைக் கொண்டுபோகும் கார்டு. ஐம்பது வயது தாண்டியும் எந்த இடம் பெரியது என்ற சண்டை நமக்குள் ஓயவில்லை. நான் பாஸ்களை எண்ணிக் காட்டுவேன். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை எத்தனை முறை பிடித்தார்கள் என்று நீ எண்ணிக் காட்டுவாய்.

ஒருநாள் நீயே அலுத்துப்போய்ச் சொன்னாய்: "மேட்டுல கொழுந்து எடுக்கறவளையும் சமமான எடத்துல எடுக்கறவளையும் ஒரே தராசுல நிறுத்துனா நியாயமாடி? சென்டரை சென்டரோட பாரு லா. எத்தன நிமிஷம் ஆடுனான்னும் பாரு."

அன்றிலிருந்து ஒரே நோட்டில் இரண்டு பத்திகள். டிவியில் நமக்குப் பிடித்த அணியின் கார்டு, எதிரணிக் கார்டைவிட நிமிடத்துக்கு எவ்வளவு கூடச் செய்தான் என்று நான் கோடு போட்டு எண்ணுவேன். சென்டர்களை நீ எண்ணுவாய். சீசன் முடிவில் யார் தன் இடத்துக்காரர்களை அதிகம் மிஞ்சினானோ அவன் பக்கம் வெற்றி.

எழுதவே கூசுகிறது. நீ டீ கலக்க எழுந்து போகும்போதெல்லாம் என் கார்டுக்குக் கள்ளக்கோடு போட்டேன். ஆட்டத்துக்கு ஒன்று, சில நாள் இரண்டு.

சீசன் முடிந்தபோது நீ தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். கணக்கைக் காட்டினேன். "சரிடி, கார்டுதான் பெருசு. ஒத்துக்கிட்டேன்" என்றாய். உண்மையைச் சொல்லாமல் நோட்டை உன் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

உன்னைப் புதைத்துவிட்டு வந்து நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு கள்ளக்கோட்டைச் சுற்றியும் ஒரு சின்ன வட்டம். கூராகச் சீவிய முனையில் நீ இழுக்கும் அதே மெல்லிய கோடு. ஒன்றையும் நீ விடவில்லை. எல்லாம் தெரிந்தும் ஒத்துக்கொண்டிருக்கிறாய். வெட்கத்தில் அழுதேன்.

அடுத்த சீசனுக்குப் புது நோட்டு வாங்கி இரண்டு பத்தியையும் நானே எண்ணினேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சரிதான். ஒருநாள் என் பத்தியில் ஒரு கோடு கூடுதலாக விழுந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அதைச் சுற்றி வட்டம். வீட்டில் நான் ஒருத்திதான். அப்போது என்னிடம் இருந்ததோ மழுங்கிய முனைப் பென்சில்.

"தூக்கத்துல நீங்களே போட்டிருப்பீங்க லா, அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இருக்கலாம் என்று, வேண்டுமென்றே ஒரு கள்ளக்கோடு போட்டு, நோட்டை அலமாரியில் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்தேன். காலையில் அவளே வந்து திறந்தாள். வட்டத்தைப் பார்த்தவள் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து ஒழுங்காக எண்ணினேன். இன்று கடைசி ஆட்டம். கூட்டிப் பார்த்தால், ஒரு பொய்யும் இல்லாமலே என் கார்டுதான் முன்னால் நின்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னிடம் திருடியதை இப்போதாவது திருப்பித் தரலாம் என்று, உன் பத்தியில், உன் சென்டருக்கு, ஏழு கோடுகள் சேர்த்தேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். கொதிக்கும் தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு நேரம்தான்.

ஏழு கோடுகளையும் வட்டமிட்டிருந்தாய்.

உன்னை ஏமாற்றவும் முடியவில்லை, உனக்கு விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. இனி உள்ளதை மட்டும் எண்ணுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போய்விடாதேடி.