மூடி வைத்த தட்டு

அக்கா,

விரலில் நெத்திலிச் சம்பால் வாசம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுடைய நீல விளிம்பு இனாமல் தட்டு சிங்க் ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. எண்ணெய்க் குளியல் முடித்து எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கிளம்பும் முன்னால், தீபாவளியும் அதுவுமாக நான் பேனாவைத் தேடியதைப் பார்த்து, "சொல்லுங்க பாட்டி, நான் டைப் பண்ணித் தாரேன் லா," என்றாள் பேத்தி. தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் இஞ்சினியர் அவள். அந்தப் பெருமையை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை, உங்களுக்கே தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான். உங்களுக்கு எழுத இந்தக் கையே போதும்.

ஈப்போ தையல் கடையிலிருந்து எங்கள் தோட்டத்து லயத்துக்கு நீங்கள் மருமகளாக வந்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் பெரிய மச்சான், கால் நீளமாக இருக்கிறது என்று காற்சட்டையை மடித்துத் தைக்க உங்களிடம் கொண்டு வந்தார். அடுத்த லீவில் அதே காற்சட்டை, அதே கால், தையல் பிரிந்து. அதற்கடுத்த லீவிலும்.

"காட்டுல ஓடுறதுல பிரிஞ்சிருச்சு," என்றாராம்.

"காட்டுல பிளேடு வச்சா பிரிக்கிறாங்க?" என்று கேட்டீர்களாம்.

அன்றிலிருந்து அவர் காற்சட்டைக்கு மட்டும் தையல் முடிகிற இடத்தில் நூலை உள்ளே திருப்பி ஒரு குறுக்குப் போட்டீர்கள். பிரித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். இதைச் சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பீர்கள்.

ஒரே ஒரு தீபாவளிதான் சேர்ந்து இருந்தீர்கள். சயாம் எல்லைக் காட்டுக்கு ரோந்து போனவர், கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து போனார். செத்தார் என்று பட்டாளம் சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் சொன்னது.

நான் அப்போது பக்கத்து வீட்டுப் பெண். உங்கள் கொழுந்தனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். அதனால் நீங்கள் தேடிப் போகும்போதெல்லாம் துணைக்கு என்னை அனுப்பினார்கள். தைப்பிங் ஆஸ்பத்திரி, கேம்ப் வாசல், கிரிக் பஸ் ஸ்டாண்ட். பலகை லாரிக்காரர்களிடம் அவர் படத்தை நீட்டி, "பாங், இந்த ஆள நம்பாக்கா? எங்கயாச்சும் பார்த்தீங்களா அண்ணே?" என்று மலாயும் தமிழும் கலந்து கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பயணங்கள் பிடித்திருந்தன. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுவதிலிருந்து ஒரு நாள் விடுதலை. நீங்கள் பஸ் ஜன்னலில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வருவீர்கள். இறங்கியதும் ஐஸ் காச்சாங் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டு வருவேன் நான்.

ஒரு நாள் கேம்புக்குக் கூப்பிட்டார்கள். ஆற்றோரம் கிடைத்தது என்று மேசைமேல் ஒரு காற்சட்டை. பாதி மக்கிப் போயிருந்தது. அந்த சார்ஜன் சித்தியவான் பக்கத்துத் தமிழர். "பார்த்துச் சொல்லுங்கம்மா. அவசரமில்லை லா," என்றார். நீங்கள் காலின் மடிப்பைத் திருப்பினீர்கள். தையல் முடிகிற இடத்தில் உங்கள் கட்டைவிரல் இருந்தது. அது அங்கேயே இருந்தது. எட்டிப் பார்த்த எனக்கு விரல்தான் தெரிந்தது.

"இது என் தையல் இல்லை," என்றீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஐஸ் காச்சாங் வேண்டுமா என்று நீங்களாகவே கேட்டீர்கள்.

பிறகு என் கல்யாணப் பேச்சு எழுந்தது. மாமியார் ஒரே பிடியாக நின்றார். "மூத்தவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம சின்னவனுக்கு மாலை போட மாட்டேன்." என் அப்பாவுக்கும் பொறுமை போனது. "அப்ப எம்மகள தைப்பிங் மாப்பிள்ளைக்குக் குடுத்துர்றேன். உங்க வீட்டு வாசல்ல அவ நரைக்கவா?" என்று லயமே கேட்கக் கத்தினார். நான் உங்கள் மடியில் படுத்து அழுதேன். நான் யாரிடம் அழுகிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை, அக்கா. புருசனைக் காணாத ஒருத்தியிடம், எனக்குப் புருசன் கிடைக்கவில்லை என்று அழுதேன்.

மறுநாள் சாயந்திரம் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்து நீங்கள் சொன்னீர்கள்: "அன்னிக்கு கேம்புல பொய் சொன்னேன். அது என் தையல்தான். அவருக்கு இலை போட்டுப் படைங்க."

மாமியார் உங்கள் முதுகில் அடித்தார். "இத்தனை நாள் வாயில என்னடி வச்சிருந்த? வேற எவனையாச்சும் பார்த்துட்டியா, இப்ப இவன் சாகணுமா?" என்றார். கருமாதி நடந்தது. உங்கள் கழுத்தில் இருந்ததைக் கழற்றினார்கள். வருசம் திரும்பியதும் எனக்கு மாலை விழுந்தது. என் கல்யாண ரவிக்கையை நீங்கள்தான் தைத்தீர்கள். பந்தலுக்கு வரவில்லை. பின்னால் சமையல் அண்டாக்கள் பக்கம் நின்றுகொண்டீர்கள். உங்களைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்த எனக்கு வாய் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு புதுப்பெண்ணாக இருந்தேன்.

அந்த வருசம் தீபாவளிக்கு முதல் நாள், போய்ச் சேர்ந்தவர்களுக்குப் படைத்தபோது பெரிய மச்சானுக்கும் ஓர் இலை போட்டோம். எல்லாம் நீங்கள் சமைத்ததுதான். கும்பிட்டு முடித்து நான் குசினிக்கு வந்தால், இந்த இனாமல் தட்டில் சோறும் நெத்திலிச் சம்பாலும் வைத்து இன்னொரு தட்டால் மூடிக்கொண்டிருந்தீர்கள். வேலைக்குப் போனவர் வர நேரமானால் எடுத்து வைப்போமே, அப்படி.

"யாருக்குக்கா?"

"காலையில எனக்குத்தான். போ, பலகாரத்த எடுத்து வை."

போனேன். தோட்டம் விற்றுப்போய் ஈப்போவுக்கு எல்லாரும் ஒரே வீடாக வந்த பிறகும் தட்டு வந்தது. என் பிள்ளைகளை நீங்கள் வளர்த்தீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னறையில் செத்தவருக்கு இலை, குசினியில் வரப்போகிறவருக்குத் தட்டு. இரண்டையும் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டு, நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டால், என் கழுத்தில் கிடப்பதை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்?

பேத்தி பட்டம் வாங்கிய அன்று மண்டப வாசலில் அவளுடைய அங்கியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னீர்கள்: "பார்த்தியாடி, நான் சொன்ன ஒரு பொய்க்கு எத்தனை பேரு வரிசையா நிக்கிறாங்க!"

எந்தப் பொய், கேம்பில் சொன்னதா, வீட்டில் சொன்னதா என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். "போங்கக்கா, போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க," என்று சிரித்து மழுப்பினேன். போன மாசியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

நேற்று உங்களுக்கு முதல் இலை. படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பேத்தி இன்னோர் இலையைத் துடைத்து நீட்டினாள். "பெரிய தாத்தாவுக்கு, பாட்டி."

"அவருக்கு இனிமே இலை இல்லை."

"ஏன்?"

"போடச் சொன்னவங்க போயிட்டாங்க."

குசினிக்குப் போய் உங்கள் தட்டை எடுத்து, சோறும் சம்பாலும் வைத்து, மூடினேன்.

இன்று காலையில், இட்லி வேகும் முன்னால், திறந்து சாப்பிட்டேன். சோறு விறைத்துப் போயிருந்தது. சம்பாலில் எண்ணெய் உறைந்து நாக்கில் ஒட்டியது. தண்ணீர் குடித்து விழுங்கினேன். வீடு முழுக்கப் பலகார வாசம். பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு தீபாவளியும் உங்களுக்கு இப்படித்தான் விடிந்ததா, அக்கா?