நான்காவது விசில்

அக்கா,

குக்கரின் ரப்பர் வளையத்தில் இன்னும் பருப்பு வாசனை இருக்கிறது. அலமாரியில் ஜாம் பாட்டிலைத் தேடும்போது கையில் பட்டது. எடுத்து முகர்ந்தேன். நீங்கள் போன பிறகு இந்த வளையத்தை மூடியில் மாட்டவில்லை. ரொட்டியும் ஜாமும்தான். சில நாள் அதுவும் இல்லை.

மாஸ்டரும் சாப்பிடவில்லை.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் காக்கட்டீல் கிளி கூண்டின் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கொண்டை படிந்துவிட்டது. நெஞ்சிறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறான். அந்த இடத்தில் தோல் தெரிகிறது. நேற்றுப் பறவை மருத்துவரிடம் கொண்டுபோனேன். நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே பட்டினி கிடந்தால் இந்த வாரம் தாண்டாது என்றார். வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வாக்கியம் இருந்திருக்கும். வரவில்லை. தமிழிலும் வரவில்லை.

நகரத்தின் இன்னொரு மூலையில், பாபடோயிட்டோயில், வீட்டைக் காலி செய்த ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பம் அவனை உங்களிடம் கொடுத்தது. பேருந்தில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பக்குரங்கா வரை வந்தீர்கள். மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்து, மூச்சு வாங்க, வாசலில் நின்றே சொன்னீர்கள்: "ஆஸ்திரேலியாப் பறவைய இஞ்ச விட்டிட்டு அவை ஆஸ்திரேலியாவுக்குப் போகினம். ஞாயம் கேக்க ஆளில்லை."

நாம் வாடகையைப் பங்கிட்டு இருந்தது ஒரே ஒரு கூடம். அதில்தான் என் மேசை, உங்கள் கட்டில், அடுப்பு. கூண்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். "நீர் கொஞ்சம் தள்ளி இரும்," என்றீர்கள். அவன் கொண்டையைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்தான். ஊரில் உங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவரின் அதே பார்வை என்று மாஸ்டர் என்று பெயர் வைத்தீர்கள்.

குக்கர் என்னுடையது. திருச்சியிலிருந்து சூட்கேசில் வந்தது. முதல் விசிலுக்கு நீங்கள் குளியலறைக்குள் ஓடிவிட்டீர்கள். "இது குக்கரோ ரயிலோ?"

மாஸ்டர் ஓடவில்லை. கேட்டுக்கொண்டான். கீழே மரத்தில் டூயிப் பறவை நாள் முழுக்கக் கூப்பிடும். அதற்கு ஒரு பதிலும் சொல்லாதவன், கொஞ்ச நாளிலேயே குக்கரைப் போல விசிலடித்தான். அச்சு அசல். நான் ஆய்வேட்டில் தலையைக் கவிழ்த்தபடி மூன்று எண்ணி அடுப்பை அணைப்பேன். அதில் ஒன்று அவனுடையதாக இருக்கும். அரிசி நறுக்கென்று கடிபடும்.

"ஆவியப் பாத்து எண்ணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான். சத்தத்தை நம்பாதையும்."

"அவன்தான் அக்கா அடிச்சான்."

"அப்ப இதை அவருக்கே குடும். அவர்தானே சமைச்சவர்."

எனக்கு அவன். உங்களுக்கு அவர்.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நீங்கள் வரும் நேரத்துக்குத்தான் சோறு வைப்பேன். விசில் அடங்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் உங்கள் நிழல் விழும். ஆனால் கதவு திறக்காது. நிழல் அப்படியே நிற்கும். ஒருநாள் உள்ளிருந்து கேட்டேன், "வெளிய நின்னு என்னக்கா பண்றீங்க?" "சப்பாத்துக் கழட்டிறன்," என்று பதில் வந்தது. ஷூவைத்தான் அப்படிச் சொல்வீர்கள். பிறகு சாவி திரும்பும். "மாஸ்டர், சாப்பிட்டாச்சோ?" அவனிடம்தான் முதலில் கேட்பீர்கள். என்னிடம் பிறகு.

அன்றைக்கும் சோறு வைத்தேன். விசில் வந்தது. அவனும் அடித்தான். இடுக்கில் நிழல் விழவில்லை. ஃபோன் அடித்தது. வேலையிடத்தில் விழுந்துவிட்டீர்கள் என்றார்கள். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உங்களிடம் பேச வழியில்லை. இரண்டாம் நாள் மூச்சும் அடங்கியது.

கனடாவிலிருந்து உங்கள் அண்ணா வந்தார். பெட்டிகளைக் கட்டினார். கூண்டைப் பார்த்து, "இதை என்ன செய்யப் போறியள்?" என்றார். என்னோடு இருக்கட்டும் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அக்கா, என்னால் முடியவில்லை. தினை, பழம், கீரை எல்லாம் கையில் வைத்து நீட்டிப் பார்த்துவிட்டேன். கெஞ்சினேன். இவனும் போனால் உங்களைத் தெரிந்தவர் என்று இந்த ஊரில் நான் மட்டும்தான் மிஞ்சுவேன்.

இன்று மாலை வளையத்தை மாட்டினேன். அரிசி கழுவினேன்.

முதல் விசிலுக்கு ஒரு கண் திறந்தது. இரண்டாவதற்குக் கொண்டை எழுந்தது. மூன்றாவதற்கு, குச்சியில் மெல்ல நகர்ந்து திரும்பி, கதவைப் பார்த்தான்.

அப்போதுதான் தெரிந்தது என்ன செய்துவிட்டேன் என்று. அவனுக்கு அந்தச் சத்தம் சோறு இல்லை. நீங்கள்.

அடுப்பை அணைத்தேன். அவன் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பார்த்தேன். யாராவது வந்தாக வேண்டும்.

உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டேன். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பையில் கட்டிக் கொடுத்த உங்கள் சப்பாத்தை எடுத்துக் கால்களை நுழைத்தேன். கொஞ்சம் பெரிது. வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். உடனே சாவியைப் போட்டு, நீங்கள் வருவதைப் போல வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

உள்ளே விசில் கேட்டது.

அடுப்பு அணைந்திருக்கிறது. ஆவி இல்லை. அது அவன். எத்தனையோ நாளைக்குப் பிறகு. கதவு வழியாக அது வேறு மாதிரிக் கேட்கிறது, அக்கா. உள்ளே விளக்கு எரிகிறது, யாரோ சமைக்கிறார்கள், யாரோ இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்கிறது. நடைகூடத்தில் குனிந்து காலைப் பார்த்தேன். உங்கள் சப்பாத்தில் நாடா இல்லை. ஒட்டும் பட்டைகூட இல்லை. கழற்ற ஒரு நொடி போதும்.

இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

வெகுநேரம் நின்றேன். பிறகு திறந்தேன். "மாஸ்டர், சாப்பிட்டாச்சோ?" உங்கள் குரல் எனக்கு வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். என்னைத் தாண்டி நடைகூடத்தைப் பார்த்தான். கதவைச் சாத்தும்வரை பார்த்தான். ஆறிய சோற்றை உள்ளங்கையில் நீட்டினேன். ஒரு பருக்கையை எடுத்துக் கீழே போட்டான். இன்னொன்றை எடுத்தான். விழுங்கினான். மூன்றாவதைத் தொடவில்லை.

ஒரு பருக்கை போதாது. தெரியும். நாளையும் சோறு வைப்பேன். நாளையும் இந்தச் சப்பாத்தோடு வெளியே போவேன். கேட்டுவிட்டுத்தான் திறப்பேன்.