உன் ரீலில் புது நரம்பு

மச்சான்,

தையல் மெஷின் எண்ணெய் வாசம் வீடெல்லாம் நிற்கிறது. உன் தூண்டில் ரீலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், இதை எழுதுவது நான்தான். மாதா கோயில் கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என் கை எழுதியதை என் கண்ணே படிக்கும்போது வருகிற சந்தோஷத்தை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். இது என் முதல் கடிதம். வாங்கிக்கொள்ள நீ இல்லை.

ரீலை என் தங்கச்சிதான் கொடுத்தாள். "அண்ணே, அவுரு போனதுலேருந்து அலமாரியில உப்பு பூத்துக் கெடக்குது. எடுத்துக்கிட்டுப் போ, பாக்கவே முடியல" என்றாள். கைப்பிடி சுற்றவே இல்லை. மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்து உப்பையும் பழைய கிரீஸையும் எடுத்தேன். பேரிங்குக்கு ஒரே சொட்டு எண்ணெய், நீ விடுவது போல.

பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் அந்த மார்கழிக் காலை நினைவிருக்கிறதா? கொடுவா மீன் கடித்து இழுக்கிறது, என் ரீல் அசையவில்லை. முந்தின நாள் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். பனியில் அது உறைந்துபோயிருந்தது. மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது. நீ மணலில் உட்கார்ந்து சிரித்தாய். "எண்ண வச்சியே, அப்டியே தல சீவி பூவும் வச்சி உட்றதுதான மச்சான்?"

ரீலில் சுற்றும் தூண்டில் நரம்பு விஷயத்தில் மட்டும் நீ சிரிக்கமாட்டாய். நகத்தின்மேல் ஓட்டிப் பார்ப்பாய். வெளுத்திருந்தாலோ, சொரசொரவென்று பட்டாலோ வெட்டிப் போட்டுவிடுவாய். "ஆசப்பட்டு வச்சிருந்தா நல்ல மீனு வர்ற அன்னிக்குத்தான் அறுவும்" என்பாய். புது நரம்பு ஏற்றுவது நம் இரண்டு பேர் வேலை. புது நரம்பு சுற்றி வந்த கட்டையில் குச்சி செருகி நான் எதிரில் உட்கார்ந்து, நரம்பை ஈரத்துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீ சுற்றுவாய். கொஞ்சம் தளர்ந்தால் கத்துவாய். "இழுத்துப் புடிய்யா, கல்யாணப் பொண்ணு கையப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்க!"

கடைசியாக ஏற்றியபோது உனக்கு மூச்சு வாங்கியது. நாலு சுற்றுக்கு ஒரு தரம் நிறுத்தினாய். "மழ உட்டதும் போலாம்" என்றாய். மழை விட்டது. அதற்கு முன்பே உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

அந்த நரம்புதான் ரீலில் இருந்தது. நகத்தில் ஓட்டினேன். சொரசொரத்தது. லேசாக இழுத்தேன், அறுந்தது. வெட்ட மனம் வரவில்லை. உன் விரல் கடைசியாகச் சுற்றியது அது. மூடி வைத்துவிட்டேன். தங்கச்சி கேட்டாள். "அத வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற, கழுத்துல மாலையா போட்டுக்கப்போறியா? அவுரு இருந்தா இந்நேரம் வெட்டித்தான் போட்டிருப்பாரு."

வெட்டினேன். உருவிப் போட்டபோது ஒரு கைப்பிடி முடி போல தரையில் கிடந்தது.

சிதம்பரம் போய்ப் புது நரம்பு வாங்கி வந்தேன். கடைப் பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்தேன். சந்தோஷத்தில் திரும்பி, "பாத்தியா மச்சான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் முறைத்துவிட்டுப் போனார்.

எதிரில் பிடிக்கத் தங்கச்சி உட்கார்ந்தாள். சிக்கன்குனியா வந்து போன கை, அழுத்த முடியவில்லை. "இப்புடியா அண்ணே? இப்புடியா?" என்று கேட்டபடியே அழுதாள். இழுத்துப் பிடி என்று எப்படிச் சொல்வேன்? ரீல் தளர்வாகவே நிறைந்தது.

தளர்ந்த நரம்பு சிக்கும் என்று தெரிந்தேதான் முகத்துவாரத்துக்கு எடுத்துப் போனேன். முதல் வீச்சிலேயே மொத்தமும் கொத்தாக வெளியே வந்து சிக்கிக்கொண்டது. பிரிக்க உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கடைசியில் கத்தியால் அறுத்தேன். இப்போது உன் ரீல் சுத்தமாக இருக்கிறது, எண்ணெய் போட்டதில் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. அதில் நரம்பு இல்லை. இனி ஏற்றுவேன் என்றும் தோன்றவில்லை.

வகுப்பில் டீச்சர் தினமும் சொல்கிறார், "ஐயா, பேனாவ ஏன் இப்டி நசுக்குறீங்க? தளத்திப் புடிங்க." முயன்று பார்க்கிறேன், முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே இறுகிக்கொள்கின்றன. நீ அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதாக அவை நினைத்துக்கொண்டிருக்கின்றன.