முதல் விதை யார் கையால்?

என் உயிரான அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மேல் எனக்குப் பாசமும் குறையவில்லை, கோபமும் குறையவில்லை. இரண்டையும் உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடிய மறுமாதமே ஆடி மழை நன்றாகப் பெய்தது. நம் செம்மண் காடு உனக்குத் தெரியாததா? வெயில் ஏறினால் ஈரம் ஓடிப்போகும். அண்ணி மல்லாட்டைக் கடலையை உடைத்து விதைப் பருப்பைத் தயாராக வைத்திருந்தார். சித்தப்பா டிராக்டரைக் கொண்டுவந்து சால் ஓட்டினார். ஆனால் அண்ணியைக் காட்டில் இறங்க விடவில்லை. தாலி இழந்தவள் முதல் விதையைப் போடக்கூடாதாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, வந்து முதல் விதை போடு என்று சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. லீவு சொல்லிவிட்டு நல்லூர் பஸ்ஸைப் பிடித்தேன். நான் சுமங்கலியாம்! என்னை விட்டுவிட்டுத் திருப்பூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் இன்னும் உயிரோடு இருக்கிறான், அதனால் என் கை நல்ல கை. உன் கடைசி மூச்சுவரை உன்னோடு பாடுபட்ட அண்ணியின் கை ஆகாத கை. இது என்ன நியாயம்?

முடியாது என்றேன். அண்ணிதான் விதைக் கூடையை என் இடுப்பில் வைத்தார். "நீயே போடு செல்வி. நான் ரோஷம் பாத்துக்கிட்டு நின்னா ஈரம் காஞ்சிடும்," என்றார். போட்டேன். அவர் வரப்பில் நின்றார்.

அதற்கப்புறம் களை வெட்டியது, மண் அணைத்தது, செடி பிடுங்கியது எல்லாம் அண்ணி கைதான். அதை ஒருத்தரும் தடுக்கவில்லை. காய் நன்றாகப் பிடித்திருந்தது. செல்வி கை ராசி என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது அண்ணி ஒன்று சொன்னார்.

"ஒங்க அப்பா செத்த வருஷம், அத்தைய வரப்புல நிக்க வச்சிட்டு என்னைத்தான் மொத வெதை போடச் சொன்னாரு ஒங்க அண்ணன். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அத்தை மூஞ்சிய நான் திரும்பிக்கூடப் பாக்கல."

ஏன் அண்ணா? அந்தக் காட்டில் அம்மா கை படாத சால் உண்டா? பெற்றவளை ஓரமாக நிறுத்திவிட்டு உனக்கு எப்படி ஏர் ஓட்ட மனசு வந்தது? அன்றைக்கு நீ அந்த வழக்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் உன் பெண்டாட்டிக்கு இந்தக் கதி வந்திருக்குமா? செத்தவனோடு என்ன சண்டை என்று கேட்பார்கள். வேறு யாரோடு போய்ப் போடுவேன்?

இதோ மறுபடியும் ஆடி வருகிறது. மழை பெய்ததும் வந்துவிட வேண்டும் என்று சித்தப்பா இப்போதே சொல்லிவிட்டார். இந்தத் தடவை கூடையை வாங்க மாட்டேன் என்று அண்ணியிடம் சொன்னேன். சித்தப்பா டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனால் போகட்டும், களைக்கொட்டால் கீறி நாமே ஊன்றலாம் என்றேன்.

"மொளைக்கலன்னா எங்கையாலதான் போச்சுன்னு சொல்லுவாங்க," என்றார் அண்ணி. அப்புறம் அவரே சொன்னார்: "சொல்லட்டும். போனாலும் எங்கையாலயே போவட்டும்."

அந்தக் கை முதல் விதையைப் போடுகிறவரை நான் காட்டை விட்டு நகர மாட்டேன். இது உனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிற சத்தியம்.

உன்னோடு இன்னும் சண்டை தீராத தங்கச்சி,
செல்வி