கறுப்புப் பட்டையின் மேல் ஒரு கிணறு

8 பிப்ரவரி 1959, ஞாயிறு

பொம்மனஹள்ளிக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றுதான் கண்ணில் பட்டது. ஏரிக்கரைப் பாறை முழுக்கச் சாம்பல் நிறம். அதன் நடுவே பத்தடி அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை, ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல நேராக ஓடுகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், கூலிக்காரர் குடிசைகள் பக்கமாகப் போய் மண்ணுக்குள் மறைகிறது. வரைபட ஆபீசில் பதினெட்டு வருஷம் கோடு போட்ட எனக்கே பொறாமையாக இருந்தது. யார் போட்டது?

11 பிப்ரவரி

ஜியாலஜி படித்த சந்தானம் ஆபீசுக்கு வந்திருந்தான். கேட்டேன். பூமிக்கடியில் உருகிய குழம்பு, வெடிப்பு வழியாக ஏறி அப்படியே இறுகிப்போனதாம்.

“எரிமலையா? நம்ம பெங்களூர்லயா?”

“எரிமலைக்குச் சொந்தம்னு வெச்சுக்கோ. எப்போ, ஏன் இங்கேன்னு என்னைக் கேக்காதே.”

போகும்போது சொன்னான்: “அது மேல கிணறு மட்டும் வெட்டிடாதே. பொட்டுத் தண்ணி வராது. மேட்டுப் பக்கம் பாரு.”

22 பிப்ரவரி

குடிசைக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் ஒரு மைல் நடந்து தண்ணீர் எடுக்கிறார்கள். சேர்ந்து கிணறு வெட்டப் போகிறார்களாம். மேப் போடுகிறவர் என்பதால் நான்தான் இடம் காட்ட வேண்டுமாம்.

பட்டை மண்ணுக்கடியில் எங்கே போகும் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன். அதன் நடுவிலேயே காட்டினேன். தொடர்கிறதா என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். கறுப்புக் கல் தெரிந்ததும் இடத்தை மாற்றச் சொல்லிவிடலாம்.

27 பிப்ரவரி

பூஜை. கிணறு வெட்டும் மேஸ்திரி கோவிந்தப்பா தேங்காயை ஓங்கும் நேரம், குடிசை ஒன்றின் மருமகள், வள்ளியம்மா என்கிற பெண், காலிக்குடத்தோடு குறுக்கே வந்துவிட்டாள். தண்ணீருக்குப் போகிறவள் வேறு எப்படி வருவாள்? மாமியார் அங்கேயே திட்டினாள்.

15 மார்ச்

எட்டடியில் கறுப்புக் கல்! என் கணக்கு ஒரு அடிகூடப் பிசகவில்லை.

நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். “இன்னும் பத்தடி பாருங்க” என்றேன். ஏன்டா சொன்னே?

19 ஏப்ரல்

பதினெட்டு அடி. உளியெல்லாம் மழுங்கியதுதான் மிச்சம். கைவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “காலிக்குடம் எதிர்ல வந்தா எங்கிருந்து சார் தண்ணி வரும்?” என்கிறான் கோவிந்தப்பா.

நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே!

21 ஏப்ரல்

வள்ளியம்மாவோடு புருஷன்கூடப் பேசுவதில்லையாம். தண்ணீருக்குப் போகிற பெண்கள் அவளைச் சேர்ப்பதில்லை. உச்சி வெயிலில் தனியாக நடக்கிறாள்.

பாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “ஏன்னா, அந்தப் பொண்ணு வெயில்ல போறா, நீங்க நிழல்ல உக்காந்து அழறேள்” என்றாள். அதற்குமேல் என் பெண்டாட்டி என்ன சொல்ல வேண்டும்?

26 ஏப்ரல்

எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தெரிந்தே தவறான இடம் காட்டினேன், வள்ளியம்மா மேல் குற்றமில்லை என்று.

“சாருக்கு எவ்ளோ பெரிய மனசு! அவளுக்காகப் பழிய தன் மேல போட்டுக்கறாரு” என்று கும்பிட்டார்கள். வெட்கத்தில் செத்தேன்.

வள்ளியம்மா கும்பிடவில்லை. கூட்டம் கலைந்ததும் வந்தாள். “நீங்க சொன்னது நெசம்தான் சார். தெனம் குழிய எட்டிப் பாத்துச் சிரிச்சுக்கினே போவீங்க. நான் பாத்திருக்கேன்.”

3 மே

கோவிந்தப்பாவை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். பட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி நேராக இழுத்துக்கொண்டே வந்தோம். குழியின் நட்டநடுவில் வந்து நின்றது. கல்லோடு பிழைக்கிறவன், விளக்கம் தேவைப்படவில்லை.

“இந்தக் கல்லு இங்க இருக்குன்னு தெரிஞ்சேவா சார்?”

“தெரிஞ்சேதான்.”

கயிற்றைப் போட்டுவிட்டு நடந்தான். மேட்டுப் பக்கம் வெட்டச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

14 ஜூன்

மேட்டுப் பக்கம் இருபத்தாறு அடியில் தண்ணீர். பாமாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். முதல் குடத்தை வள்ளியம்மாவை மொள்ளச் சொன்னார்களாம், மாமியார் பக்கத்தில் நின்றாளாம்.

எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார்கள்.